ஏரிக்கரையில் சிரமதானம்



நாம் வாழும் நகரங்களில் ஏரிகளைத் துப்புரவு செய்யவும், கரைகளில் மரம் நடவும், கால்வாய்களைக் கண்காணிக்கவும் தொண்டர்களை அழைக்கும் வழக்கம் பெருகி வருகின்றது. விடுமுறை நாட்களின் காலை வேளையில் மாணவரும், உத்தியோகஸ்தரும், இல்லத்தரசிகளும் கரையில் கூடி வேலை செய்வதைக் காண்கின்றோம். இவ்வழைப்பு பௌத்த இல்லம் ஒன்றின் வாயிலுக்கு வருமாயின், அவ்வில்லத்துப் பெரியவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. “கூடையையும் மண்வெட்டியையும் நம் தலையினின்று இறக்கி வைக்கவன்றோ தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டோம்? அவற்றையே இன்று தொண்டு என்னும் பெயரால் மீண்டும் தூக்கச் சொல்லுகின்றீர்களா?” என்பதே அது.

இதனைச் சோம்பலின் கேள்வி என்று தள்ளுவோர் நம் வரலாற்றை அறியாதவர். பிறர்க்கு ஏரிப்பணி ஒரு நாள் விருப்பம். நமக்கோ அது நேற்றுவரை விதிக்கப்பட்ட வேலை. ஆகவே நீரைக் காத்தலின் புண்ணியத்தைப் பேசுமுன் அப்பெரியவருக்கு விடை கூறுதல் முறையாகும். விடை கிடையாவிடில் இப்பாடத்தின் எஞ்சிய பகுதி வெறும் உபதேசமாகவே முடியும்.

நீரும் வெட்டியும்

தென்னாட்டின் ஏரிகள் பெரும்பாலும் மனிதர் கையால் அமைந்தவை. சரிவில் வரும் மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, பாசனத்துக்கு மதகும், மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கும் வைத்து உண்டாக்கியவை. கரையைப் பலப்படுத்தாமலும், வண்டலை வாராமலும், வரத்துக்காலைத் திருத்தாமலும் விட்டால் நாளடைவில் ஏரி மேடாகிவிடும். அப்பணிகளைச் செய்தவர் யாவர்? வயல்களுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சியவரைத் தமிழகத்தில் நீர்க்கட்டி என்றும், கன்னட நாட்டில் நீருகண்டி என்றும் வழங்கினர். பல ஊர்களில் அவர் நம்மவரே. மதகைத் திறக்க நீரில் மூழ்கியவரும், கரை உடையும் அபாயத்தில் நள்ளிரவில் முதலில் எழுப்பப்பட்டவரும் அவரே. எந்த வயலுக்கு எத்துணை நீர் என்பது அவர் அறிந்த கணக்கு. ஆயினும் ஊர்க் கிணற்றில் ஒரு குடம் இறக்க அவருக்கு உரிமை இருந்ததில்லை.

ஆங்கில ஆட்சியிலும் இந்நிலை முற்றும் மாறவில்லை. 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் அபாயம் நேர்ந்தால், தொழிலாளர் வகுப்பைச் சேர்ந்த உடல் வலிமையுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்க அது அதிகாரம் அளித்தது, மறுத்தல் குற்றமாயிற்று. தொழிலாளர் வகுப்பு என்னும் சொல் ஒவ்வோர் ஊரிலும் எந்தச் சேரியைச் சுட்டிற்று என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. மராட்டிய நாட்டிலும் மகார் மக்கள் ‘வத்தன்’ என்னும் பரம்பரை ஊழியத்தால் கட்டுண்டிருந்தனர். அதனை ஒழிக்கப் பாபாசாகேப் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொணர்ந்தார். சட்டம் நிறைவேறியதோ 1958-இல். அதைக் காண அவர் உயிரோடில்லை. மைசூர் இராச்சியத்தில் பரம்பரைக் கிராம ஊழியங்களை ஒழிக்கும் சட்டம் 1961-இல் வந்தது. இவற்றுக்கு முன்னரே, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு, கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தேசம் முழுதும் தடை செய்துவிட்டது.

வேலை செய்ய மட்டும் உரிமை, பருக உரிமையில்லை என்னும் இம்முறையின் மீது விழுந்த பேரடி மகாத் நகரத்தில் விழுந்தது. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1923-இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானித்தது. 1924-இல் மகாத் நகரசபையும் சௌதார் குளத்தை அவ்வாறே அறிவித்தது. எனினும் அறிவிப்பு ஏட்டில் கிடந்தது. 1927 மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். பின்னர் வைதிகர்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடங்களால் அக்குளத்தைச் ‘சுத்தி’ செய்தனர். வழக்கு நீண்டு, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. ஆடுமாடுகள் இறங்கிக் குடித்த குளம் மனிதன் கை பட்டதால் தீட்டாயிற்று என்றும், சாணம் கரைத்தால் தூய்மையாயிற்று என்றும் கருதிய அறிவை என்னென்பது! நீரின் தூய்மை ஏது, அழுக்கு ஏது என்பதே அந்நாட்டில் தலைகீழாகக் கற்பிக்கப்பட்டிருந்தது. அதனைச் சரியாகக் கற்பதும் நம் பாடத்தின் ஒரு பகுதி.

மகாத் நமக்கு அளித்தது நீர் மட்டுமன்று. பொது நீர் என்பது நமக்கும் உரிய சொத்து என்பதை அது நிலைநாட்டிற்று. சொத்து எவனுடையதோ, அது கெடும்போது கேள்வி கேட்கும் அதிகாரமும் அவனுடையது. வெட்டி ஊழியன் ஏரிக்கு வேலை செய்தான். ஏரியைப் பற்றிப் பேச அவனுக்கு இடமில்லை. உரிமையாளன் வேலையும் செய்யலாம், கணக்கும் கேட்கலாம். இவ்விருவர் கையிலும் இருப்பது ஒரே மண்வெட்டிதான் எனினும், இருவரும் ஒரே செயலைச் செய்பவர் அல்லர்.

செயலின் வேர் சேதனையே என்பது பகவான் புத்தர் கற்பித்த கன்மக் கொள்கை. மனம் இசைந்து நினைத்துச் செய்வதே கன்மம். அச்சத்தால் செய்த வேலை உடலின் அசைவு, தானம் ஆகாது. பிறப்பைக் காட்டி ஒருவன் மேல் சுமத்திய வேலை, மறுக்க முடியாத வேலை, பயனில் பங்கு தராத வேலை வெட்டி எனப்படும். ‘சிரமம்’ என்னும் உழைப்பைத் தானமாக வழங்குவதே சிரமதானம். தானம் செய்ய முதலில் அப்பொருள் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். தன் உழைப்பே தனக்குச் சொந்தமாயிராதவன் அதைத் தானம் செய்தான் என்பது பொருந்தாப் பேச்சு.

இவ்வேறுபாட்டை முன்னோர் அறியாதவரல்லர். கூர்ஜர நாட்டில், இன்றைய ஜுனாகட் நகருக்கு அருகே, கிர்நார் மலையடிவாரத்தில் சுதர்சனம் என்னும் ஏரி ஒன்று இருந்தது. சந்திரகுப்த மௌரியரின் அதிகாரி அதனை அமைத்தார். தம்மவேந்தர் அசோகரின் ஆட்சியில் துஷாஸ்பர் என்னும் யவன அதிகாரி அதற்குக் கால்வாய்களை ஏற்படுத்தினார். பெரும் புயலில் அதன் கரை உடைந்தது. கி.பி. 150 அளவில் ருத்ரதாமன் என்னும் மன்னர் அதனைக் கட்டுவித்துச் செய்தியைப் பாறையில் பொறித்தார். அசோகரின் சாசனங்களும் அதே பாறையில் உள்ளன. உடைப்பின் அளவைக் கண்டு அமைச்சர்கள் மனம் தளர்ந்தனர் என்றும், மன்னர் தம் பொக்கிஷத்தினின்றே செலவிட்டார் என்றும், குடிகளை வரியாலும் ‘விஷ்டி’ என்னும் கட்டாய உழைப்பாலும் வருத்தவில்லை என்றும் அச்சாசனம் கூறுகின்றது. மன்னர் தற்பெருமையாகவே பொறித்திருக்கலாம். ஆயினும் பெருமை கொள்ளத்தக்கது எது என்பதை அவர் அறிந்திருந்தார். அத்துணைப் பழங்காலத்திலேயே, விஷ்டியின்றி ஏரி கட்டுதல் பாறையில் பொறிக்கத்தக்க அருமையாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாகன் கதை

சிரமதானத்தின் இயல்பை விளக்கும் கதை ஒன்று ஜாதக நூலில் உளது. குலாவக ஜாதகம் என்பது அதன் பெயர், வரிசையில் 31-ஆவது. மகத நாட்டின் மசலம் என்னும் சிற்றூரில் போதிசத்துவர் மாகன் என்னும் இளைஞராகப் பிறந்திருந்தார். ஊர்க் காரியமாக மக்கள் கூடுமிடத்தில், தாம் நிற்கும் இடத்தைக் காலால் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டார். வேறொருவன் வந்து அவரைத் தள்ளிவிட்டு அங்கே நின்றான். மாகன் சினம் கொள்ளாமல் மற்றோர் இடத்தைச் சுத்தம் செய்தார். அதையும் ஒருவன் பிடித்துக்கொண்டான். இவ்வாறே கூட்டம் நிற்கும் இடமெல்லாம் சுத்தமாயிற்று.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். தள்ளப்பட்டவன் மீண்டும் மீண்டும் பெருக்குவதுதானா தம்மம் என்று சிலர் கேட்கலாம். கதையின் பிற்பகுதி அதற்கு விடை தருகின்றது. ஊரிலிருந்த ஏறக்குறைய முப்பது குடும்பங்களின் ஆடவரும் மாகனோடு சேர்ந்தனர். விடியலில் எழுந்து கோடரியும் தடிகளும் ஏந்திச் சென்று பாதையில் கிடந்த கற்களைப் புரட்டினர், வண்டி அச்சை இடிக்கும் மரங்களை வெட்டினர், மேடுபள்ளங்களைச் சமன் செய்தனர், பாலம் கட்டினர், குளம் வெட்டினர், வழிப்போக்கர் தங்கச் சாலை அமைத்தனர். ஒருவன் பெருக்க மற்றவன் நிற்கும் நிலை அங்கே ஒழிந்து, எல்லாக் கரங்களும் ஒரே வேலையில் இறங்கின. பெருக்குபவன் ஒருவன் மட்டுமே எனின் அது ஊழியம். ஊர் முழுதும் பெருக்கினால் அது சிரமதானம்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. ஊர்த் தலைவனுக்கு இது பிடிக்கவில்லை. முன்பு அவர்கள் குடித்துச் சண்டையிட்டபோது கள் விலையும், அபராதமும், தீர்வையும் அவன் கைக்கு வந்தன. இப்போது வருமானம் போயிற்று. இவர்கள் கொள்ளைக் கூட்டம் என்று மன்னனிடம் கோள் மூட்டினான். யானையைக் கொண்டு மிதிக்கச் செய்ய மன்னன் ஆணையிட்டான். கோள் சொன்னவன்மீதும், மன்னன்மீதும், யானையின்மீதும், தம் உடல்மீதும் ஒரே அளவான மைத்திரியைச் செலுத்துங்கள் என்று மாகன் தம் தோழர்களுக்குச் சொன்னார். யானை மிதிக்கவில்லை. உங்களிடம் என்ன மந்திரம் உளது என்று மன்னன் கேட்டபோது, தாங்கள் ஐந்து சீலங்களைக் காப்பதும், அன்பைப் பெருக்குவதும், வழி திருத்துவதும், குளம் வெட்டுவதுமே தங்கள் மந்திரம் என்று விடை கூறினார்.

கோள் சொன்ன தலைவனை அவர்களுக்கு அடிமையாக மன்னன் கொடுத்தான் என்றும் கதை கூறுகின்றது. அப்பகுதியை நாம் ஏற்கவேண்டியதில்லை. அடிமைத்தனம் எவர்க்கும் பரிசாகாது. நூலில் இருப்பதனாலேயே ஒன்றை நம்பலாகாது என்பதும் பகவர் கற்பித்ததே. ஆனால் ஊர் திருந்தினால் ஒருவனுக்கு வருமானம் குறையும் என்னும் உண்மையை இக்கதை சொன்னவர் நன்கறிந்திருந்தார். ஏரியின் கரையை அளக்கப் போகும் தொண்டர் இதனை மறத்தலாகாது. ஏரி நிலத்தை மெல்லமெல்ல மூடி மனையாக விற்பவனுக்கு, ஏரியைப் பார்த்துக் குறிப்பெழுதும் கூட்டம் கொள்ளைக் கூட்டமாகவே தோன்றும்.

இக்கதையில் பெண்மக்களின் பங்கு தனியே கூறத்தக்கது. அவ்வாடவர் முதலில் சாலைப் பணியில் பெண்களுக்குப் பங்களிக்க மறுத்தனர். சுதம்மை என்பாள் தச்சனோடு பேசி, சாலையின் சிகரத்துக்குரிய மரத்தை முன்கூட்டியே உலர்த்திச் செதுக்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். பச்சை மரத்தால் சிகரம் ஆகாது என்று தச்சன் சொல்ல, அவர்கள் அவளிடமே வரவேண்டியதாயிற்று. பங்கு தந்தாலன்றித் தரமாட்டேன் என்றாள். சித்தை தோட்டம் அமைத்தாள்; நந்தை தாமரைக் குளம் வெட்டினாள். சுஜாதை மட்டும், மாகன் தன் உறவினரே ஆதலால் அவர் செய்ததெல்லாம் தான் செய்ததே என்று சும்மா இருந்துவிட்டாள். அவள் மறுபிறவியில் கொக்காகப் பிறந்தாளாம்! பின்னர் சக்கரனாகிய மாகன் அவளுக்குச் சீலம் அருளி, அவளைச் சோதிக்க மீனுருவில் செத்ததுபோல் கிடந்தார். கொத்தியெடுத்த கொக்கு, வால் அசையக் கண்டதும் உயிருள்ள மீன் என்று விட்டுவிட்டது. பிறர் செய்த பணியைத் தன்னுடையதாகக் காட்டிப் புகைப்படத்தில் முன்வரிசையில் நிற்போர் இந்நாளிலும் உளர். அவர்களுக்கு அக்கொக்கின் நினைவு வரட்டும்.

வினயம் கூறும் நீர்

பிக்குகளின் வினயத்தில் நீரைப்பற்றிய விதிகள் பல உள. நோயுற்ற காலமன்றி நீரில் மலசலம் கழித்தலும் உமிழ்தலும் ஆகாது. சிற்றுயிர்கள் இருப்பது தெரிந்தும் அந்நீரைப் பயன்படுத்தலாகாது. அதைத் தரையில் ஊற்றுதலும் ஆகாது. நீர் வடிகட்டும் துணி பிக்குவின் எட்டுப் பரிக்காரங்களில் ஒன்று. நீரைச் சாணமிட்டுச் சுத்தி செய்தவர்களின் நூல்களோடு இவற்றை ஒப்பிடுங்கள். இங்கே நீரின் அழுக்கு என்பது எவர் தொட்டார் என்பதில் இல்லை. எது கலந்தது என்பதில் உளது. நீரில் வாழும் உயிரின் நலமும் அக்கணக்கில் சேர்கின்றது.

இல்லறத்தார்க்கோ, சோலை வைப்பவர், பாலம் அமைப்பவர், தண்ணீர்ப் பந்தலும் கிணறும் ஏற்படுத்துபவர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளரும் என்று சம்யுத்த நிகாயம் உரைக்கின்றது. அசோகர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில், தம் நாட்டிலும், சோழர், பாண்டியர் முதலிய அண்டை நாட்டாரிடத்தும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதையும், வழிகளில் கிணறு தோண்டி மரம் நட்டதையும் கூறுகின்றார். பாபாசாகேப் தமது இறுதி நூலாகிய ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்பதில், சித்தார்த்தர் துறவுக்கு முதியவர், நோயாளர், பிணம் ஆகிய காட்சிகளைக் காரணமாகக் கொள்ளவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மூட்ட முனைந்த போரை அவர் எதிர்த்ததையே காரணமாக வைத்தார். ஆக, நம் தம்மத்தின் தொடக்கத்திலேயே நீர்ப்பங்கீட்டு வழக்கு ஒன்று நிற்கின்றது.

பெங்களூர் ஏரிகளின் பாடம்

இனிக் கண்முன் உள்ள ஏரிக்கு வருவோம். தமிழ்ப் பௌத்தர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்தினின்று ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் பேராறு இல்லை. ஆகவே முன்னோர் ஒவ்வொரு சரிவிலும் ஏரிகளைத் தொடராக அமைத்தனர். மேல் ஏரி நிரம்பினால் வழியும் நீர் ராஜகாலுவை என்னும் பெருங்கால்வாய் வழியே கீழ் ஏரியை அடையும். அத்தொடரின் இடையில் ஒன்றை அழித்தால் மழைக்காலத்தில் அந்நீர் தெருவிலும் வீட்டிலும் புகும். அவ்வாறு அழிந்தவை பல. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் விளையாட்டரங்கும் நிற்கின்றன.

எஞ்சிய ஏரிகளைக் கெடுப்பது குப்பையினும் சாக்கடையே. தமிழர் மிகுந்து வாழும் அலசூரின் ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. நகரின் மிகப் பெரிய ஏரியாகிய பெல்லந்தூரில் 2015-இல் நுரை கரைபுரண்டு சாலையில் பறந்தது. 2017-இலும் 2018-இலும் ஏரியிலே தீ மூண்டது. பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வருகின்றது. அங்கும் நுரை பொங்கியதுண்டு. அலசூரில் வாழும் தமிழன் குளியலறையில் ஊற்றிய சோப்பு நீர் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தமிழன் வயலுக்குப் போய்ச் சேர்வதைப் பிரதீத்திய சமுத்பாதத்திற்கு உதாரணமாகவே கூறலாம். கோலார்ப் பக்கத்து அன்பர்க்கும் இதில் தொடர்பு உண்டு. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் குழாய் வழியே கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படுகின்றது. அச்சுத்திகரிப்பின் தரமே அவ்வேரிகளின் தரம்.

மீன் சாகும் விதத்தை நாம் விளங்கிக்கொள்ளுதல் நலம். சாக்கடையில் உள்ள சத்துக்கள் பாசியை மிகுதியாக வளர்க்கின்றன. பாசி பகலில் பிராணவாயுவைத் தரும். இரவில் அதையே உட்கொள்ளும். மடிந்த பாசியையும் கழிவையும் நுண்ணுயிர்கள் தின்னும்போது எஞ்சிய பிராணவாயுவும் போய்விடுகின்றது. ஆகவே விடியற்காலையிலே மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் திறந்து தவிக்கும். கோடையில் நீர் குறைந்திருக்கையில் முதல் மழை தெருச் சாக்கடை முழுவதையும் அடித்துக்கொண்டு வருமாயின் ஒரே இரவில் ஏரி மயானமாகின்றது. ஆகாயத்தாமரையும் இச்சத்தையே உண்டு பெருகுகின்றது. சாக்கடை வாயை அடைக்காமல் ஆகாயத்தாமரையை மட்டும் வாரிக்கொண்டிருத்தல், ஒழுகும் கூரையின்கீழ் தரையைத் துடைத்துக்கொண்டிருத்தலை ஒக்கும். தொண்டர் பலர் வாரந்தோறும் களைத்துப்போய்ப் பணியை விட்டுவிடுவதற்கு இதுவே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

இதனின்று தொண்டரின் வேலை எது, அரசின் வேலை எது என்பது தெளிவாகும். கழிவுநீரைச் சுத்திகரித்தல் அரசின் கடமை. நாம் செலுத்தும் வரி அதற்கே. ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீர், நாணலும் கோரையும் வளர்ந்த ஈரநிலத்தின் வழியே வடிந்து ஏரியை அடையுமாறு அமைத்துள்ளனர். வேண்டுமானால் செய்ய இயலும் என்பதற்கு அது சான்று. சாக்கடைச் சேற்றில் இறங்கி வெறுங்கையால் அள்ளுதல் தொண்டு அன்று. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. சாக்கடைக் குழியில் இறங்கி மாண்டவர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. ‘ஒரு நாள்தானே’ என்று எவர் அழைத்தாலும், எத்துணை உயர்ந்த நோக்கம் கூறினாலும், நம் பிள்ளைகள் அக்குழியில் இறங்கலாகாது; பிறர் பிள்ளைகளை இறக்கவும் விடலாகாது. இதில் நாம் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

செய்யத்தக்கவை வேறு பல உள. மழைக்கு முன் ராஜகாலுவையின் நெடுகிலும் நடந்து, எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எந்தக் குழாயிலிருந்து எந்நிற நீர் விழுகின்றது என்று நாளும் நேரமும் இட்டுக் குறித்துவைத்தல் முதற்பணி. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, எத்தனை முழத்தில் அது கண்ணுக்கு மறைகின்றது என்று மாதந்தோறும் எழுதிவரலாம். பள்ளிச் சிறுவரும் இதைச் செய்வர். ஓராண்டுக் குறிப்பேடு கையில் இருந்தால், அதிகாரியிடம் கொடுக்கும் மனு வெறும் முறையீடாக இராது. தகவல் உரிமைச் சட்டத்தால் ஏரியின் எல்லைப் படத்தைக் கேட்டுப் பெறலாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் வாயிலும் திறந்தே உளது. குளத்துக்காக நீதிமன்றத்தில் பத்தாண்டு பொறுத்துநின்ற மரபு நம்முடையது அன்றோ? வழக்காடுதலைத் தொண்டினின்றும் வேறாக எண்ணுவோர் அம்மரபை அறியாதவர்.

ஏரியைச் சார்ந்து வாழும் மக்களை மறந்து ஏரியைக் காப்பது மற்றொரு பிழை. கரையில் புல் அறுத்து மாடு வளர்ப்போர், வலை வீசுவோர், துணி வெளுப்போர், குடிசையிட்டு வாழும் கூலியாட்கள் ஆகியோர் பலர் ஏரியால் பிழைக்கின்றனர். ஏரி சீரானபின் சுற்றிலும் வேலியிட்டு, காலையிலும் மாலையிலும் உலாவச் செல்வோர்க்கு மட்டும் கதவு திறப்பதைப் பெங்களூரில் பலவிடத்தும் காண்கின்றோம். நீரின் வாயிலை மூடி நமக்கு ‘உள்ளே வராதே’ என்று சொன்ன பழைய குரலை, அழகிய புதிய வேலியிலும் அடையாளம் காண நாம் கற்றிருக்கவேண்டும். ஆதலால் ஏரியைப் பற்றிய ஆலோசனைக் கூட்டத்தில் புல் அறுக்கும் பெண்ணும் வலை வீசுபவரும் அமராவிட்டால், அவர்களை அழைத்துவருதலே நாம் செய்யும் முதல் தொண்டாகட்டும். நீரின் நிறம் எப்போது மாறிற்று, எந்த மீன் மறைந்தது என்பது அவர்களுக்கே தெரியும்.

இலங்கையில் 1958-ஆம் ஆண்டு அ. த. ஆரியரத்ன என்னும் ஆசிரியர் நாலந்தாக் கல்லூரி மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவை என்னும் சிற்றூருக்குச் சென்றார். அது ரொடியர் எனப்பட்ட, பௌத்த நாட்டிலேயே தீண்டத்தகாதாராக ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர். மாணவர் அம்மக்களோடு தங்கி உழைத்தனர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான ஊர்களில் பரவிய சிரமதான இயக்கம் அங்கேதான் தொடங்கியது. அவ்வியக்கத்தின் ‘சர்வோதயம்’ என்னும் பெயரில் காந்தியாரின் சாயல் இருப்பது நம்மவர் சிலர்க்கு உவப்பாயிராது. அது கிடக்கட்டும், ஒதுக்கப்பட்டவரை ஒதுக்கியவர்க்கு வேலை செய்ய அழைக்காமல், ஒதுக்கியவரின் பிள்ளைகளை ஒதுக்கப்பட்டவரின் வாயிலுக்கு அழைத்துச் சென்ற திசையையே நாம் கவனிக்கவேண்டும்.

நம் சங்கங்கள் ஏரிப்பணிக்குச் செல்லும் நாளில் கடைப்பிடிக்கத்தக்க சிலவற்றை இங்கே கூறுவோம். பணி தொடங்குமுன் திரிசரணமும் பஞ்சசீலமும் கூறுக. வேறு சங்கத்தாரோடு சேர்ந்து செய்வதாயின், கூடை சுமத்தல், குறிப்பெழுதுதல், அதிகாரிகளோடு பேசுதல் ஆகிய மூன்றும் முறைமாற்றி எல்லார்க்கும் வருமாறு முன்னரே பேசி வைத்துக்கொள்க. கூடை எப்போதும் நம்மவர் கையிலும் பேச்சு எப்போதும் அவர் கையிலும் இருக்குமாயின், கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுக. கையுறையும் காலணியும் இன்றி எவரும் இறங்கற்க. பெண்களுக்குச் சமையல் மட்டும் என்று ஒதுக்காது, சுதம்மையை நினைவிற்கொள்க. கொண்டுவந்த உணவை யாவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்க; கரைவாழ் மக்களையும் உடனமர்த்துக. உண்டபின் கை கழுவுவோர், சோப்பு நீர் ஏரியில் விழாதவாறு கரையினின்று விலகி, மண்ணில் வடியும்படி கழுவுக.